கெட்டி மெத்தையும் நெசவாளர் முதுகும்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு நெடுஞ்சாலை வழியே வரும் அங்கத்தினர்கள், மெத்தைக் கடைகளின் விளம்பரப் பலகைகளைக் கண்டிருப்பார்கள். இதில் வியப்பில்லை. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல், கர்நாடக எல்லையை ஒட்டிய இவ்வட்டாரத்தில் பலவகைத் தொழில்கள் வேரூன்றியுள்ளன. மெத்தைத் தொழிலும் அவற்றுள் ஒன்று. 1963-ல் ஆலப்புழையில் தொடங்கிய ட்யூரோஃப்ளெக்ஸ் நிறுவனத்துக்கும், 2016-ல் பெங்களூரில் தோன்றிய வேக்ஃபிட் நிறுவனத்துக்கும் ஓசூர்ப் பகுதியில் தொழிற்சாலைகள் உண்டு. ஒரு காலத்தில் இலவம் பஞ்சும் கோரைப் பாயுமே படுக்கை என்றிருந்த நம் இல்லங்களுக்குள், ஸ்பிரிங்கும் ஃபோமும் கலந்த ‘ஹைப்ரிட்’ மெத்தை இப்போது நுழையத் தொடங்கியிருக்கிறது.

இவ்விஷயம் நம் கவனத்துக்கு வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். இவ்வட்டாரத்து நெசவாளர் சங்கம் ஒன்றின் நிர்வாகக் குழுவுக்கு வியாபாரி ஒருவர் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தார். ‘ஆர்த்தோபீடிக்’ என்று பெயரிட்ட கெட்டியான ஹைப்ரிட் மெத்தைகள் 40-ஐச் சங்கம் மொத்தமாக வாங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றின் விலை 18,000 ரூபாய். அங்கத்தினரின் நெசவுக் கூலியில் மாதம் 1,500 ரூபாய் வீதம் 12 மாதங்களில் பிடித்துக்கொள்ளலாம் என்பது திட்டம். குழித்தறியில் அமர்ந்து முதுகு நொந்தவர்கள் நிறைந்த சங்கம் அது. அங்கத்தினர் பலர் உடனே சம்மதம் தெரிவித்தனர். நாற்பது ஆண்டுகளாகத் தறியில் அமர்ந்த பெரியவர் ஒருவர், பெண்ணின் கலியாணத்துக்கென்று வைத்திருந்த சேமிப்பை எடுத்து முழு விலையையும் ஒரே தவணையில் கட்டிவிடுவதாகக் கூறினார். “வலி தீர்ந்தால் இன்னும் ஐந்து வருஷம் நெய்வேன் ஐயா, அந்தப் பணத்தைத் திரும்பச் சேர்த்துவிட மாட்டேனா?” என்று அவர் நம்மைக் கேட்டார்.

அக்கேள்விக்கு உடனடியாக விடை கூற நம்மால் இயலவில்லை. பொருளைச் சோதித்துப் பார்க்காமல் தீர்மானம் நிறைவேற்ற வேண்டாம் என்று மட்டும் நிர்வாகக் குழுவுக்கு யோசனை கூறினோம். மாதிரிக்கு இரண்டு மெத்தைகளை ஒரு மாத காலம் சங்கத்தில் விட்டுவைக்க வியாபாரியும் இசைந்தார். அந்த ஒரு மாதத்தில் நாம் கண்டவற்றையும், இப்பொருளைப் பற்றி அறிந்தவற்றையும் அங்கத்தினர்களின் நன்மைக்காக இங்கே தருகிறோம். குறிப்பிட்ட நிறுவனம் எதனையும் புகழ்வதோ பழிப்பதோ நம் நோக்கமன்று. ஆகையால் மெத்தையைச் செய்தவர் பெயரை எழுதவில்லை.

சோதித்து வாங்குவது கூட்டுறவின் பழைய தர்மம்

1844-ல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் கூடிக் கூட்டுறவுக் கடை திறந்தார்கள். அவர்களுள் நெசவாளரும் இருந்தனர். கலப்படமற்ற பண்டம், சரியான நிறை என்பதே அக்கடையின் பெருமை. 1904-ல் சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியதும் வீட்டுக்கு வேண்டிய பண்டங்களை நேர்மையாக வழங்கும் பொருட்டே. அரிசியில் கல்லையும் எண்ணெயில் கலப்படத்தையும் கண்டுபிடிக்க அந்நாளில் கற்றுக்கொண்டோம். இன்றைய பண்டங்கள் வேறு. மெத்தையின் உள்ளே இருப்பது உறைக்குள் மறைந்திருக்கிறது. அதன் குணம் மாதங்கள் கழிந்த பிறகே வெளிப்படுகிறது. எனவே முன்னைவிட அதிக எச்சரிக்கை வேண்டும்.

பெயரின் பொருள்

‘ஆர்த்தோபீடிக்’ என்ற சொல்லைக் கேட்டதும் மருத்துவர் எழுதிக் கொடுத்த பண்டம் என்ற எண்ணம் நமக்கு உண்டாகிறது. 1741-ல் நிக்கோலா ஆந்திரி என்ற பிரெஞ்சு மருத்துவர், குழந்தைகளின் உடற்கோணலைத் திருத்துவது பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கிரேக்க மொழியில் ‘நேர்’ என்னும் பொருள்படும் சொல்லையும் ‘குழந்தை’ என்னும் பொருள்படும் சொல்லையும் இணைத்து அவர் ஆக்கிய பெயரே இது. கோணலாக வளர்ந்த மரத்தைக் கம்பு நட்டுக் கயிற்றால் கட்டி வைத்திருக்கும் சித்திரம் ஒன்று அந்நூலில் உண்டு. எலும்பு மருத்துவத்துக்கு அதுவே இன்றளவும் சின்னமாக விளங்குகிறது. மாங்கன்றுக்கு முட்டுக் கொடுக்கும் நம் தோட்டக்காரர்களுக்கு அச்சித்திரத்தின் கருத்தை விளக்கவேண்டியதில்லை.

ஆனால் அந்தச் சொல்லுக்கும் மெத்தைக்கும் உள்ள உறவு வியாபார உறவேயாகும். விற்பவர் தம் மெத்தைக்கு இப்பெயரை இட்டுக்கொள்வதால் மட்டும் அது நோயைத் தீர்க்கும் என்பதற்கு உத்தரவாதம் பிறப்பதில்லை. ‘கெட்டியானது’ என்பதற்கு மேலாக அப்பெயரில் பெரும்பாலும் வேறு பொருள் கிடையாது. அங்கத்தினர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இது.

உறைக்குள் இருப்பது என்ன?

ஹைப்ரிட் என்றால் கலப்பு. நாம் சோதித்த மெத்தை எட்டு அங்குல உயரமுடையது. அதன் அடிப்பாகத்தில் எஃகுக் கம்பிச் சுருள்கள் நூற்றுக்கணக்கில் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு சுருளும் தனித்தனித் துணிப்பையில் அடைபட்டது. ஆகையால் ஒன்று அமுங்கும்போது பக்கத்துச் சுருள் அதனுடன் சேர்ந்து இழுபடுவதில்லை. ஜேம்ஸ் மார்ஷல் என்பவர் கனடாவில் 1900-ஐ ஒட்டி வகுத்த முறை இது. சுருள்களின் மேல் கெட்டியான ஃபோம் தட்டு ஒன்றும், அதற்கும் மேல் மென்மையான மெல்லிய அடுக்கு ஒன்றும் உள்ளன. ஃபோம் என்பது 1937-ல் ஜெர்மனியில் ஆட்டோ பேயரும் அவர் குழுவினரும் கண்ட பாலியூரித்தேன் என்ற பொருளிலிருந்து பிறந்தது. அமுக்கிய கையின் வடிவைச் சற்று நேரம் காட்டி மெல்ல நிமிரும் ‘மெமரி ஃபோம்’, 1966-ல் அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவுக்காக உருவாக்கப்பட்டது. சில மெத்தைகளில் ஃபோமுக்குப் பதிலாக ரப்பர்ப் பாலில் செய்த லேட்டக்ஸ் அடுக்கோ, ரப்பரூட்டிய தென்னை நார்த் தட்டோ இருக்கும்.

இங்கே ஒரு நுட்பத்தை நெசவாளர்கள் எளிதில் உணர்ந்துகொள்வார்கள். நூல் குறைவாக இட்டு நெய்த துணியும் கஞ்சியைத் தடித்துப் போட்டால் கடையில் விறைப்பாகத்தான் இருக்கும். முதல் சலவையில் சாயம் வெளுத்துவிடும். மெத்தையிலும் அவ்வாறே. ஃபோமின் கெட்டித்தன்மை வேறு, அதன் அடர்த்தி வேறு. அடர்த்தியைக் கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று கணக்கிடுகிறார்கள். அடர்த்தி குறைந்த ஃபோமையும் கெட்டியாகச் செய்ய முடியும். அது முதல் ஆண்டில் விறைப்பாக இருந்து பின்னர் இடுப்புப் படும் இடத்தில் குழிந்துவிடும். கையால் அழுத்திப் பார்த்து ‘நல்ல கெட்டி’ என்று முடிவு செய்பவர், கஞ்சியைத் தொட்டுப் பார்த்துப் புடைவை வாங்குபவருக்கு ஒப்பாவார். துணிக்கு அங்குலத்துக்கு எத்தனை இழை என்று கேட்பதுபோல, மெத்தைக்கு ஒவ்வொரு அடுக்கின் அடர்த்தி என்ன, கனம் எத்தனை அங்குலம், கம்பியின் தடிப்பு என்ன, சுருள்கள் எத்தனை என்று கேட்க வேண்டும்.

சுகம் வேறு, தாங்குதல் வேறு

மெத்தையை மதிப்பிடும்போது இரண்டு குணங்களைப் பிரித்துப் பார்ப்பது அவசியம். படுத்தவுடன் தோளிலும் இடுப்பிலும் உறுத்தல் இல்லாமல் இருப்பது சுகம். மேலடுக்கு அதனைத் தருகிறது. இரவு முழுவதும் முதுகெலும்பை அதன் இயற்கை வளைவில் நிறுத்துவது தாங்குதல். அது அடியிலுள்ள சுருள்களின் வேலை. முதுகெலும்பு நேர்க்கோடன்று. கழுத்தில் முன்வளைவு, மார்பில் பின்வளைவு, இடுப்பில் மீண்டும் முன்வளைவு என்று அமைந்தது. மெத்தை மிக மிருதுவாக இருந்தால் கனமான இடுப்புப் பகுதி அமிழ்ந்து உடல் தொட்டில்போல் வளைந்துவிடும். மிகக் கெட்டியாக இருந்தால் தோளும் பிட்டமும் மட்டும் மெத்தையில் பட்டு, இடையிலுள்ள வளைவு ஆதாரமின்றி அந்தரத்தில் நிற்கும். இரண்டும் முதுகுக்குத் தீங்கே.

நாம் நடத்திய சோதனை

மாதிரி மெத்தைகளைச் சங்கத்தின் கூடத்தில் தட்டையான மரக்கட்டில்களின்மீது போட்டோம். முதலில் ஐவரைப் படுக்கச் செய்து, ஒவ்வொருவரையும் மல்லாந்தும் ஒருக்களித்தும் கால் மணி நேரம் வீதம் கவனித்தோம். பிறகு சிலர் இரவுகளையும் அங்கே கழித்தனர். நாமும் எட்டு இரவுகள் படுத்துப் பார்த்தோம்.

முதலில் படுத்தவர் மேற்சொன்ன பெரியவர். மெலிந்த சரீரம், வாழ்நாள் முழுவதும் தரையில் பாய் விரித்துப் படுத்தவர். அவர் மல்லாந்து படுத்திருக்கையில் இடுப்பின்கீழ் நம் கையை நுழைத்தோம். தடையின்றி மறுபக்கம் வந்தது. அவர் எடை, சுருள்களை அமுக்கப் போதவில்லை. ஒருக்களித்துப் படுத்த பத்தாவது நிமிஷத்தில், “தோள் நோகிறது ஐயா, நம் தரைக்கும் இதற்கும் பெரிய பேதம் தெரியவில்லையே” என்றார்.

இரண்டாமவர் காவேரிப்பட்டணம் பக்கத்துத் தென்னை விவசாயி, கனத்த உடல். அவருக்குக் கதை நேர்மாறாக இருந்தது. கை சற்றே நெருக்கத்துடன் நுழைந்தது. ஒருக்களித்தபோதும் முதுகெலும்பின் கோடு பின்னாலிருந்து பார்க்கையில் நேராகத் தெரிந்தது. அவர் வீட்டு இலவம் பஞ்சு மெத்தை பல ஆண்டுகளாகக் கொட்டி அடிக்கப்படாமல் நடுவில் பள்ளமாகிவிட்டது. மூன்று வாரம் இந்த மெத்தையில் படுத்தபின், காலையில் எழுந்ததும் இருக்கும் பிடிப்புக் குறைந்திருப்பதாக அவர் தெரிவித்தார்.

மூன்றாமவர் தார் சுற்றும் அம்மையார். எப்போதும் ஒருக்களித்தே உறங்குபவர். முதல் நான்கு இரவுகள் இடுப்பெலும்பும் தோளும் உறுத்துவதாகச் சொன்னார். ஐந்தாம் நாள், அவரே வீட்டிலிருந்து இரண்டு விரற்கடைக் கனமுள்ள பஞ்சு விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து மேலே போட்டுக்கொண்டார். அன்று முதல் குறை சொல்லவில்லை. நமக்கு இது நல்ல பாடமாயிற்று. கெட்டியான மெத்தையை மேல்விரிப்பால் ஓரளவு மிருதுவாக்கலாம். குழிந்துபோன மிருதுவான மெத்தையை எந்த விரிப்பாலும் கெட்டியாக்க இயலாது.

நான்காமவரும் ஐந்தாமவரும் நெசவாளர் ஒருவரின் புதல்வர்கள். ஓசூர்த் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்கள். அண்ணன் இரவு ஷிப்டு முடித்து வந்து படுக்கும்போது தம்பி விழிப்பது வழக்கம். தனிப்பைச் சுருள்கள் உள்ள மெத்தையில் ஒருவர் புரளும் அசைவு மற்றவரை எட்டவில்லை. இது இம்மெத்தையின் மெய்யான சிறப்பு. ஒரே படுக்கையில் இருவர் உறங்கும் வீட்டில் இதன் அருமை தெரியும். ஆனால் பகலில் உறங்கும் அண்ணனுக்கு முதுகுப்புறம் வியர்த்தது. ஃபோம் வெப்பத்தைப் பிடித்து வைப்பது; சுருள்களுக்கிடையே காற்றோட்டம் இருப்பதால் முழு ஃபோம் மெத்தையைவிட இது தேவலை எனினும், பருத்தியும் பாயும் தரும் குளிர்ச்சி இதில் இல்லை. ஏறத்தாழ 3,000 அடி உயரத்திலுள்ள ஓசூரில் இது பொறுக்கத்தக்கதே. தாழ்ந்த கிருஷ்ணகிரிப் பக்கத்தில் சித்திரை, வைகாசியில் சோதித்துப் பார்த்தபிறகே வாங்குவது நலம்.

நம் சொந்த அனுபவம் நடுத்தரமானது. முதல் மூன்று இரவுகள் புதுச் செருப்புப்போல் கடித்தது. எட்டாம் இரவில் பழகிவிட்டது. புதிய படுக்கைக்கு உடல் பழகச் சில வாரங்கள் ஆகும். ஆகவே கடையில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து பார்த்துத் தீர்மானிப்பது பயனற்றது என்பதை நேரில் அறிந்தோம்.

ஆராய்ச்சி கூறுவது

ஐந்து பேரின் அனுபவத்தை ஊருக்கெல்லாம் விதியாக்க இயலாது. ஆகவே மருத்துவ ஆராய்ச்சி ஒன்றையும் சொல்கிறோம். ஸ்பெயின் நாட்டில் நீண்ட நாள் இடுப்பு வலியுள்ள 313 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கெட்டி மெத்தையும் மற்றவருக்கு நடுத்தரக் கெட்டி மெத்தையும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது படுத்தவருக்கும் தெரியாது, மதிப்பிட்டவருக்கும் தெரியாது. 90 நாட்களுக்குப் பின் பார்த்தபோது, படுக்கையில் உண்டாகும் வலியிலும் எழும்போது உண்டாகும் வலியிலும் அன்றாட வேலைக்கு வலியால் நேரும் இடையூற்றிலும் நடுத்தர மெத்தையில் படுத்தவர்களே மேலான பலன் கண்டனர். கோவாக்ஸ் என்ற மருத்துவரும் குழுவினரும் செய்த இவ்வாராய்ச்சி 2003-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்தது.

முதுகு வலிக்கு எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது என்று நெடுங்காலமாக நிலவிவந்த நம்பிக்கையை அது அசைத்துவிட்டது. இடையில் ஒரு சிறு எச்சரிக்கை. அவ்வாராய்ச்சியில் 1 என்பது மிகக் கெட்டி, 10 என்பது மிக மிருது. அதன்படி கெட்டி மெத்தை 2.3, நடுத்தரம் 5.6. நம் கடைகளிலோ 10-ஐ மிகக் கெட்டி என்று தலைகீழாகக் குறிப்பதும் உண்டு. எண்ணைப் பார்ப்பதற்கு முன் அளவுகோல் எப்பக்கம் ஏறுகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாங்குமுன் செய்யவேண்டியவை

1. செருப்பைக் கழற்றிவிட்டு, வழக்கமாக உறங்கும் நிலையில் குறைந்தது கால் மணி நேரம் படுத்துப் பார்க்க வேண்டும். தம்பதியர் இருவரும் சேர்ந்தே செல்லுதல் நலம்.

2. மல்லாந்து படுத்து இடுப்பின்கீழ் கையை நுழைக்க வேண்டும். தடையின்றிப் போனால் நமக்கு அது மிகக் கெட்டி. நுழையவே மறுத்தால் மிக மிருது. சற்று நெருக்கத்துடன் நுழைந்தால் பொருத்தம்.

3. ஒருக்களித்துப் படுத்து, கழுத்திலிருந்து இடுப்புவரை முதுகெலும்பு நேராக இருக்கிறதா என்று பின்னாலிருந்து ஒருவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். வீட்டில் உபயோகிக்கும் தலையணையையே கொண்டுசெல்வது உத்தமம்.

4. புரண்டு பார்க்க வேண்டும். பள்ளத்திலிருந்து ஏறுவதுபோல் சிரமப்பட்டால் மேலடுக்கு அளவுக்கு மீறி மிருது. பிறகு ஓரத்தில் உட்கார்ந்து எழ வேண்டும். முதியோருக்கு ஓரம் உறுதியாக இருப்பது முக்கியம்.

5. அடுக்குகளின் அடர்த்தி, கம்பித் தடிப்பு ஆகியவற்றை எழுத்தில் பெற வேண்டும். ரப்பரூட்டிய தென்னை நார்த் தட்டுக்கு ஐ.எஸ். 8391 என்றும், வீட்டு மெத்தைக்கான பாலியூரித்தேன் ஃபோமுக்கு ஐ.எஸ். 7933 என்றும் இந்தியத் தர நிர்ணயங்கள் உள்ளன. அவற்றின்படி செய்ததா என்று கேட்பதில் தவறில்லை.

6. உத்தரவாதச் சீட்டை முழுவதும் வாசிக்க வேண்டும். எத்தனை ஆண்டு என்பது பெரிய எழுத்தில் இருக்கும். எவ்வளவு ஆழம் குழிந்தால்தான் மாற்றித் தருவார்கள் என்பது சிறிய எழுத்தில் இருக்கும். கறை பட்டால் உத்தரவாதம் செல்லாது என்ற நிபந்தனையும் இருக்கலாம். வீட்டில் படுத்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பித் தரச் சில விற்பனையாளர் அவகாசம் தருகிறார்கள். வண்டிக்கூலி யாருடையது என்று முன்பே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

7. ஸ்பிரிங் மெத்தையைக் கயிற்றுக் கட்டிலிலோ நாடாக் கட்டிலிலோ போடலாகாது. அடித்தளம் தொய்ந்தால் எவ்வளவு விலையுயர்ந்த மெத்தையும் தொய்யும். பலகைக் கட்டிலில் இடைவெளி சிறிதாக இருக்க வேண்டும். தரையில் நேரே போட்டால் ஈரம் கோத்துப் பூசணம் பிடிக்கும்.

குறைந்த செலவில் உள்ள வழிகள்

18,000 ரூபாய் இல்லாதவர் முதுகு வலியோடுதான் இருக்கவேண்டுமா? அவ்வாறன்று. ரப்பரூட்டிய தென்னை நார் மெத்தை ஹைப்ரிட் மெத்தையைவிட விலை குறைந்தது. காற்றோட்டமும் உறுதியும் உடையது. அதன் நார் நம் தென்னை விவசாயிகள் விற்கும் மட்டையிலிருந்து வருவது. 1953-ல் இயற்றிய சட்டத்தின்படி அமைந்த கயிறு வாரியம் வளர்த்துவரும் தொழில்களில் இதுவும் அடங்கும். கெட்டியான நார் மெத்தையின்மேல் மெல்லிய பஞ்சு விரிப்பு ஒன்றைப் போட்டால், தாங்குதலும் சுகமும் ஒருங்கே கிடைக்கும். காலப்போக்கில் நார் அமுங்குவது இதன் குறை. மாதந்தோறும் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டால் ஒரே இடத்தில் குழியாமல் தடுக்கலாம்.

இலவம் பஞ்சு மெத்தையையும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. பஞ்சு கட்டிபட்டுவிட்டால் பிரித்து, வெயிலில் உலர்த்தி, அடித்துத் திரும்ப நிரப்பலாம். ஹைப்ரிட் மெத்தையில் அது இயலாது; ஒருமுறை குழிந்தால் குழிந்ததுதான். பழையதைக் கழிப்பதும் சிரமம். எஃகும் ஃபோமும் ஒட்டிய பண்டத்தைப் பிரித்தெடுப்பது எளிதன்று.

தறியையும் பார்க்க வேண்டும்

இறுதியாக ஒன்று. உறக்கம் ஏழெட்டு மணி நேரம். தறியும் ஏறத்தாழ அவ்வளவு நேரமே. குழித்தறியில் முதுகு குனிந்து, கால் மிதியிலும் கை நாடாவிலும் ஓயாமல் இயங்க, பகல் முழுவதும் சேரும் நோவை இரவு மெத்தை ஒன்றினாலேயே தீர்த்துவிட முடியாது. நாம் அப்பெரியவரின் தறிக்குச் சென்று பார்த்தோம். உட்காரும் பலகை தாழ்ந்து, முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருந்தது. அதனால் முதுகு வில்லாக வளைந்தது. சங்கத்திலிருந்த பழந்துணிகளை மடித்துத் திண்டாக்கிப் பலகையை நான்கு விரற்கடை உயர்த்தினோம். மணிக்கு ஒருமுறை எழுந்து முதுகை நிமிர்த்தி நான்கு அடி நடக்குமாறும் கேட்டுக்கொண்டோம். வலி காலுக்கு இறங்கினாலும், கால் மரத்தாலும், காய்ச்சலோ உடல் மெலிவோ சேர்ந்தாலும் மெத்தைக் கடைக்குப் போகாமல் உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும் எல்லா அங்கத்தினருக்கும் கூறினோம். சிறுநீர், மலம் அடக்க முடியாத நிலை உண்டானால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

குழுவின் தீர்மானம்

மாத முடிவில் நிர்வாகக் குழு கூடியது. அனைவருக்கும் ஒரே கெட்டியுள்ள மெத்தையை மொத்தமாக வாங்குவது, எல்லோருக்கும் ஒரே அளவுச் செருப்பு வாங்குவதை ஒக்கும் என்று முடிவாயிற்று. விரும்புகிற அங்கத்தினர் தாமே படுத்துப் பார்த்துத் தெரிந்தெடுக்கலாம். ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரும் உரிமையும் எழுத்து மூலமான உத்தரவாதமும் இருந்தால், அவரது எழுத்துபூர்வமான சம்மதத்தின் பேரில் மட்டும் தவணைக்குச் சங்கம் உதவலாம் என்று தீர்மானித்தனர். மொத்த விற்பனை கைநழுவியதில் வியாபாரிக்கு வருத்தமே. ஆயினும் நிபந்தனைகளை அவர் ஏற்றுக்கொண்டார். இதுவரை ஏழு பேர் வாங்கியுள்ளனர்; தென்னை விவசாயி அவர்களில் ஒருவர்.

பெரியவர் வாங்கவில்லை. மெல்லிய தென்னை நார்த் தட்டு ஒன்றைப் பாயின்கீழ் போட்டு, மேலே தம் வீட்டுப் பழைய சேலைகளைத் தைத்த விரிப்பைப் போட்டுக்கொண்டிருக்கிறார். சென்ற வாரம் கணக்குப் பார்க்கச் சென்றபோது அவரை விசாரித்தோம். “வலி முழுக்கப் போய்விட்டதென்று சொன்னால் பொய் ஐயா. ஆனால் விடியலில் சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்கிறேன்” என்றார். பெண்ணின் கலியாணத்துக்கு அவர் வைத்திருக்கும் தொகை, சங்கக் கணக்கில் ஒரு ரூபாயும் குறையாமல் இருப்பதையும் அன்று கண்டோம்.

மெத்தை நல்ல பண்டமே. தக்கவருக்குத் தக்கபடி அமைந்தால் நல்லுறக்கம் தரும். பெயரை நம்பாமல் உடலை நம்பியும், கையால் அழுத்தாமல் கால் மணி நேரம் படுத்தும், நாலு பேரோடு கலந்தும் வாங்கினால் ஏமாற்றம் நேராது. மற்றச் சங்கங்களிலும் இத்தகைய திட்டம் வருமாயின், தீர்மானப் புத்தகத்தைத் திறப்பதற்குமுன் கூடத்தில் ஒரு கட்டிலைப் போடுமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.